சங்கக் கணக்கைக் காக்கும் தட்டுக்கள்
— கூட்டுறவு ஆய்வாளர், சுரண்டை

அண்மையில் நமது வட்டாரச் சங்கமொன்றின் மகாசபைக் கூட்டத்தில் இரண்டு விலைப்பட்டியல்கள் வாசிக்கப்பட்டன. சங்கத்தின் கணக்குகள் யாவற்றையும் தாங்கி நிற்கப் போகும் சர்வர் யந்திரத்துக்கானவை அவை. இரண்டிலும் நான்கு தட்டுக்கள். ஒவ்வொன்றும் 4 டெராபைட் கொள்ளளவு. விலையும் ஏறக்குறைய ஒன்றே. ஆயினும் ஒரு பட்டியலில் “உபயோகத்துக்குக் கிடைப்பது 12” என்றும், மற்றதில் “உபயோகத்துக்குக் கிடைப்பது 8” என்றும் கண்டிருந்தது. காய்கறி பயிரிடும் அங்கத்தினர் ஒருவர் எழுந்து, “பதினாறு மரக்காலுக்குக் காசு வாங்கிக்கொண்டு எட்டு மரக்கால் அளந்து போடுகிறவரிடம் நாம் ஏன் போகவேண்டும்? பன்னிரண்டு போடுகிறவரிடம் வாங்கினால் போகிறது!” என்றார். கூட்டம் கைதட்டியது. தலைவருக்கு விடை தெரியவில்லை. அடுத்த கூட்டத்துக்கு விஷயம் ஒத்திவைக்கப்பட்டது.

கேள்வி நியாயமானது. சங்கப் பணத்தைச் செலவிடும்போது இப்படிக் கேட்கும் அங்கத்தினர் இருப்பது சங்கத்தின் பாக்கியம். ஆனால் கைதட்டியவர்கள் தவறான பக்கம் கைதட்டினார்கள் என்பது என் அபிப்பிராயம். அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினி மயமாக்கும் திட்டத்துக்கு 2022 ஜூன் 29 அன்று மத்திய மந்திரிசபை அனுமதி அளித்தது. 63,000 சங்கங்கள், 2,516 கோடி ரூபாய் என்பது அப்போதைய மதிப்பீடு. நபார்டு வங்கியின் பொறுப்பில் நாடு முழுவதற்கும் பொதுவான மென்பொருள் அமைந்து, கணக்குகளும் மையமான இடத்தில் சேமிக்கப்படுகின்றன. அத்திட்டத்துக்குள் வந்த சங்கங்களுக்கு இக்கட்டுரையின் பெரும் பகுதி நேரடியாகத் தேவைப்படாது. நெசவாளர் சங்கங்கள், விற்பனைச் சங்கங்கள், சொந்தமாகச் சர்வர் வைத்து நூல் வழங்கியது, துணி பெற்றது, கூலி கொடுத்தது, கூலியில் பிடித்தது முதலியவற்றை அதில் பதிகின்ற சங்கங்கள் ஆகியவற்றுக்கே இது எழுதப்படுகிறது.

தட்டு என்பது யாது?

தட்டு என்று நாம் சொல்வது ‘ஹார்டு டிஸ்க்’ என்னும் சாதனத்தை. உள்ளே காந்தப் பூச்சுள்ள வட்டத் தகடுகள் நிமிஷத்துக்கு 7,200 முறை சுழல்கின்றன. அவற்றின்மேல், தலைமயிரின் கனத்தைவிடப் பன்மடங்கு குறைந்த இடைவெளியில், எழுதும் முனை மிதந்து செல்கிறது. 1956-ல் ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்ட முதல் தட்டுச் சாதனத்தில் இரண்டடி விட்டமுள்ள 50 தகடுகள் இருந்தன. ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள அது மொத்தம் 50 லட்சம் எழுத்துக்களையே தாங்கியது. இன்று உள்ளங்கையில் அடங்கும் தட்டு அதைப்போல் பல லட்சம் மடங்கு தாங்குகிறது. தாங்கும் அளவு பெருகியதேயன்றி, கெட்டுப்போகும் குணம் மாறவில்லை. ஆயிரக்கணக்கான தட்டுக்களை ஓட்டும் பெரிய நிலையங்கள் வெளியிடும் கணக்குகளைப் பார்த்தால், ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு ஒன்றிரண்டு தட்டுக்கள் கெடுகின்றன. தறியில் நாடா தேய்வதுபோல் இதுவும் தேயும் பொருளே. என்றாவது ஒருநாள் கெடும் என்பதை ஒப்புக்கொண்டு, கெட்ட அன்றும் சங்கத்தின் கதவு திறந்திருக்க வழி செய்வதே நாம் ஆராயவேண்டியது.

இதற்கான வழிகளை ஒழுங்குபடுத்தி எழுதியவர்கள் அமெரிக்காவில் பெர்க்கிலி நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்னும் மூவர். 1988-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, விலையுயர்ந்த ஒரு பெரிய தட்டுக்குப் பதிலாக மலிவான பல சிறு தட்டுக்களைக் கூட்டாக வேலைவாங்கலாம் என்று காட்டிற்று. தனித்தனியே நலிந்தவை கூடி நின்றால் வலிமை பெறும் என்பது நமது இயக்கத்தாருக்குப் புதிய செய்தியன்று. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து ‘ரெயிட்’ என்று இம்முறைக்குப் பெயர் வழங்குகிறது. அதன் வகைகளுக்கு எண்களே பெயர். விலைப்பட்டியலில் 12 என்று கண்டிருந்தது ரெயிட் 5; 8 என்று கண்டிருந்தது ரெயிட் 10.

பூஜ்யம் என்று ஒரு வகை உண்டு. நூறு புடவைக்கான ஆர்டரை நான்கு தறிகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது போன்றது அது. வேலை விரைவில் முடியும். ஆனால் ஒரு தறி முறிந்தால் ஆர்டரே முடங்கும். கணக்கு வைக்கும் இடத்தில் அதற்கு வேலையில்லை. ஒன்று எனப்படுவது இரட்டை எழுத்து: ஒரே பதிவை இரண்டு தட்டுக்களில் ஒருசேர எழுதுவது. ரசீதுப் புத்தகத்தில் கார்பன் தாள் வைத்து எழுதுவதை நாம் அறிவோம். இத்தகைய ஜோடிகள் பலவற்றைச் சேர்த்து, வேலையை அவற்றினிடையே பங்கிட்டால் அதுவே பத்து.

ஐந்து என்பதைச் சற்று நிதானமாகவே பார்க்கவேண்டும். ஏனெனில் அது மிக்க புத்திசாலித்தனமான ஏற்பாடு. அதனாலேயே பலரும் அதில் மயங்குகிறார்கள்.

தக்காளிப் பெட்டிக் கணக்கு

சுரண்டைச் சந்தைக்கு மூன்று விவசாயிகள் தக்காளி கொண்டு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் 14 பெட்டி, இரண்டாமவர் 22, மூன்றாமவர் 9. மூன்று சீட்டுக்களில் இவற்றை எழுதி, நான்காவது சீட்டில் மொத்தம் 45 என்று எழுதி வைக்கிறோம். இரண்டாமவருடைய சீட்டு காற்றில் பறந்துவிட்டது. கவலையில்லை, 45-ல் 14-ஐயும் 9-ஐயும் கழித்தால் 22 கிடைத்துவிடும். எந்தச் சீட்டு போனாலும் மீட்கலாம். மூன்று சீட்டின் விஷயத்தைக் காக்க ஒரே ஒரு சீட்டுத்தான் அதிகம். ரெயிட் 5 செய்வது இதையே. (கூட்டலுக்குப் பதிலாக அதில் வேறொரு விதக் கணக்கு, மொத்தச் சீட்டும் ஒரே தட்டில் இராமல் நான்கிலும் மாறி மாறி அமையும். தத்துவம் இதுதான்.) ஆகவேதான் 16-ல் 12 உபயோகத்துக்குக் கிடைக்கிறது.

இனி இதன் சங்கடங்களைக் கவனிப்போம். மூன்றாமவர் மேலும் இரண்டு பெட்டி இறக்குகிறார். 9 என்பதை 11 ஆக்கவேண்டும். அதற்குப் பழைய 9-ஐப் படிக்கவேண்டும். பழைய மொத்தம் 45-ஐப் படிக்கவேண்டும். 11 என்று எழுதவேண்டும். மொத்தத்தை 47 என்று திருத்தவேண்டும். ஒரு சிறு மாற்றத்துக்கு நான்கு வேலைகள். இரட்டை எழுத்திலோ இரண்டே வேலை: இங்கொன்று எழுதுவது, அங்கொன்று எழுதுவது. சங்கக் கணக்கின் இயல்பு சிறு சிறு பதிவுகளை இடைவிடாமல் எழுதுவது என்பதால் இவ்வேற்றுமை முக்கியமாகிறது. சுழலும் தட்டு ஒன்று விநாடிக்கு நூறு வேலை செய்யும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், நான்கு தட்டுக்களில் ரெயிட் 10 விநாடிக்கு 200 பதிவுகளையும், ரெயிட் 5 அதில் பாதியையுமே எழுதும்.

வேகத்தைக் காட்டி யாரையும் பயமுறுத்த நான் விரும்பவில்லை. இரண்டு ஜன்னல்கள் மட்டுமுள்ள சங்கத்தில் விநாடிக்கு நூறு பதிவு ஒருநாளும் வராது. ஆண்டு முடிவில் எல்லாக் கணக்குகளுக்கும் வட்டி ஏற்றும் இரவில்தான் வித்தியாசம் தெரியும். சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. வகைத் தட்டுக்களில் வேகம் பன்மடங்கு பெருகிவிட்டபடியால் இவ்வாதத்தின் பலம் பெரிதும் குறைந்தும் விட்டது. எனக்குப் பெரிதாகப் படுவது வேறு.

9 என்பதை 11 என்று எழுதியாயிற்று. மொத்தத்தைத் திருத்துமுன் மின்சாரம் நின்றுவிட்டது. சீட்டுக்களில் 14, 22, 11. மொத்தமோ பழைய 45. அப்போதைக்கு எந்தக் குறையும் கண்ணுக்குத் தெரியாது. மூன்று சீட்டுக்களும் சரியாகவே இருக்கின்றன. ஆறு மாதம் கழித்து இரண்டாமவருடைய தட்டு கெடுகிறது. யந்திரம் 45-ல் 14-ஐயும் 11-ஐயும் கழித்து, 20 என்று எழுதிக் கொடுக்கிறது. அவர் கொண்டு வந்தவை 22. அவருடைய சீட்டை யாரும் தொடவில்லை. மின்சாரம் நின்ற அன்று அவர் சந்தைக்கே வராமலும் இருந்திருக்கலாம். இருந்தும் அவருக்கு இரண்டு பெட்டி நஷ்டம். யந்திரம் தயங்கவுமில்லை, எச்சரிக்கவுமில்லை. இக்குறையை நிபுணர்கள் ‘எழுத்து ஓட்டை’ என்கிறார்கள். மின்கலம் பொருத்திய நல்ல கட்டுப்பாட்டுக் கருவியோ, தகுந்த மென்பொருளோ இருந்தால் அடைக்கலாம். மலிவுப் பட்டியலில் அது இருக்கிறதா என்று கேட்பவர் அரிது. ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்று நம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது; மரக்கிளைகளைக் கம்பிகளின்மேல் சாய்ப்பதும் அதே காற்றுத்தான். மின்சாரம் நின்று நின்று வரும் ஊர் இது என்பதை மறந்து திட்டமிடலாகாது.

மற்றொன்று, மீட்கும் வேலை. ரெயிட் 5-ல் ஒரு தட்டு கெட்டுப் புதிது போட்டால், மிஞ்சிய மூன்றையும் முதலிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டும்: மூன்று நான்கு பன்னிரண்டு டெராபைட். சாதாரணத் தட்டுக்களுக்கு உற்பத்தியாளரே குறிக்கும் பிழை வரம்பு, ஏறத்தாழ 12.5 டெராபைட் படித்தால் ஒரு இடம் படிக்க முடியாமல் போகலாம் என்பது. நடைமுறையில் இதைவிட நன்றாகவே பல தட்டுக்கள் உழைக்கின்றன. எனினும் மாற்று எதுவுமில்லாத வேளையில் வரம்பின் விளிம்புவரை செல்வது விவேகமல்ல. இரட்டை எழுத்தில், கெட்ட தட்டின் ஜோடியை மட்டும் படித்தால் போதும்: நான்கு டெராபைட். விநாடிக்கு 150 மெகாபைட் வீதம் ஏழரை மணி நேரத்தில் முடியும். ஜன்னலில் வேலையும் நடந்துகொண்டிருந்தால் இன்னும் கூடுதலாகும்.

ரெயிட் 6 என்றும் உண்டு. மொத்தச் சீட்டு இரண்டு வைத்து, எந்த இரண்டு தட்டு போனாலும் தாங்குவது. நான்கு தட்டில் அதுவும் 8 தருகிறது. ரெயிட் 10-ல் ஒன்று போனபின் மிஞ்சும் மூன்றில் அதன் ஜோடி ஒன்று மட்டும் போகக்கூடாது. மற்ற இரண்டில் எது போனாலும் பாதகமில்லை. ஆகையால், கண்டிப்பாகப் பேசினால், இவ்வொரு அம்சத்தில் ஆறு மேலானது. ஆனால் ஒரு சிறு பதிவுக்கு ஆறு வேலை அதில். பத்திரங்களின் படங்கள், பழைய அடங்கல் நகல்கள் முதலிய, எழுதி வைத்தபின் மாறாதவற்றுக்கு ரெயிட் 6 மிகப் பொருத்தம். நாள்தோறும் மாறும் கணக்குக்கு இரட்டை எழுத்தே என்பது என் முடிவு. இதில் ஒரு நுணுக்கம்: முதலில் ஜோடி சேர்த்து, பிறகு ஜோடிகளுக்கிடையே வேலையைப் பங்கிட வேண்டும். முதலில் பங்கிட்டுவிட்டுப் பின்னர் அந்தக் கூட்டத்தையே ஜோடி சேர்த்தால், ஒரு தட்டு போனவுடன் அதன் கூட்டாளியும் பயனற்றுப் போகும். எஞ்சிய இரண்டில் எது போனாலும் கணக்கு போயிற்று. பட்டியலில் 10 என்று எழுதிவிட்டு இதைச் செய்து வைப்பவர்களும் உண்டு.

இவ்வளவு இடம் நமக்கு எதற்கு?

அந்த அங்கத்தினரின் மரக்கால் கணக்குக்கு இப்போது வருவோம். நாளொன்றுக்கு 400 பதிவுகள் நடக்கும் சங்கம் என்று கொள்வோம். நம் வட்டாரத்தில் அது சுறுசுறுப்பான சங்கமே. பதிவு ஒன்றுக்கு ஒரு கிலோபைட் வீதம், 300 வேலை நாட்களுக்கு ஆண்டில் 120 மெகாபைட் ஆகிறது. ஒரே ஒரு 4 டெராபைட் தட்டு நிரம்ப முப்பதாயிரம் ஆண்டுக்கு மேல் செல்லும். அட்டவணைகள், சுவடுகள் என்று பத்து மடங்கு கூட்டிக்கொண்டாலும் மூவாயிரம் ஆண்டு. பன்னிரண்டு கிடைக்கிறதா, எட்டு கிடைக்கிறதா என்னும் வாதம் ஐம்பது மூட்டை கொள்ளும் களத்துக்கு ஐயாயிரம் மூட்டைக் கிடங்கு கட்டலாமா, எண்ணாயிரம் மூட்டைக் கிடங்கு கட்டலாமா என்பது போன்றது. நாம் விலை கொடுப்பது இடத்துக்கன்று, இரண்டாவது பிரதிக்கு.

உண்மையில் இரு வியாபாரிகளிடமும் நான் சொல்லக்கூடியது, தட்டின் அளவைக் குறைத்துத் தரத்தை உயர்த்துங்கள் என்பதே. ஒரு டெராபைட்டுக்கும் குறைந்த எஸ்.எஸ்.டி. தட்டு போதும், ஆனால் மின்சாரம் நின்ற கணத்தில் கையிலுள்ளதை எழுதி முடிக்கும் பாதுகாப்பு அதில் இருக்கவேண்டும். வீட்டு உபயோகத்துக்கு விற்கும் பல தட்டுக்களில் அது இராது. எழுதியாயிற்று என்று யந்திரத்துக்குச் சொல்லிவிட்டு, எழுதாமலே அவை மின்சாரத்தோடு அணைந்துவிடக்கூடும். மேலும், இவ்வகைத் தட்டுக்கள் எழுத எழுதத் தேய்பவை. ஜோடியில் இரண்டும் ஒரே அளவு எழுதுவதால், ஒரே உற்பத்தித் தொகுதியிலிருந்து வாங்கினால் இரண்டும் அடுத்தடுத்துத் தேய்ந்துபோக இடமுண்டு. வெவ்வேறு தொகுதியில் வாங்குவது நலம்.

நான்கு தட்டுக்களை எவ்விதம் அடுக்கலாம்? சிறிய சங்கமாயின் ரெயிட் 10-ஐவிட, தனித்தனியான இரண்டு ஜோடிகளை நான் விரும்புவேன். காரணம் நமது பழைய கணக்கு முறையிலேயே இருக்கிறது. திருவள்ளூர் அருகே திரூரில் 1904-ல் சங்கம் தொடங்கிய காலத்திலிருந்து, முதலில் நாட்குறிப்பேட்டில் எழுது, பிறகு பேரேட்டில் ஏற்று என்பது நமக்குப் பாடம். பேரேடு கிழிந்தாலும் நாட்குறிப்பேட்டைக் கொண்டு மறுபடி ஏற்றலாம். தரவுத்தள மென்பொருளும் அவ்விதமே செய்கிறது. எந்த மாற்றத்தையும் முதலில் ஒரு முன்பதிவு ஏட்டில் எழுதி, அது தட்டில் பதிந்தபின்னரே சரி என்று ஜன்னலுக்குச் சொல்கிறது. பேரேட்டில் ஏற்றுவது ஓய்வாகப் பின்னர். பேரேடும் முன்பதிவு ஏடும் ஒரே தட்டுக்களில் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே அழியும். பேரேடு ஒரு ஜோடியிலும் முன்பதிவு ஏடு மற்றொரு ஜோடியிலும் இருந்தால், பேரேட்டு ஜோடி முழுவதும் போனாலும், நேற்றிரவுப் பிரதியை எடுத்து, அதன்மேல் முன்பதிவு ஏட்டை ஏற்றி, கடைசி ரசீதுவரை மீட்கலாம். பல கிளைகளும் பத்துப் பதினைந்து ஜன்னல்களும் உள்ள பெரிய சங்கங்கள் பேரேட்டுக்கு ரெயிட் 10-ம், முன்பதிவு ஏட்டுக்குத் தனி ஜோடியும் வைத்துக்கொள்ளலாம்.

இத்தனை சொல்லியும், தட்டு அடுக்கு ஒன்றே போதும் என்று எண்ணிவிடக்கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு சங்கத்தில் ரெயிட் 5 அமைத்திருந்தார்கள். ஒரு தட்டு கெட்டதும் யந்திரம் மஞ்சள் விளக்கைக் காட்டிக் கூவத் தொடங்கியது. கூவல் ஜன்னலுக்கு வருவோருக்குத் தொந்தரவாக இருக்கிறதென்று அதை மட்டும் நிறுத்திவிட்டார்கள். வேலை தடையின்றி நடந்ததால் ஒருவரும் விளக்கைப் பொருட்படுத்தவில்லை. சில மாதங்களுக்குப்பின் இரண்டாவது தட்டும் போயிற்று. வெளியே எடுத்து வைத்திருந்த பிரதியைத் தேடினால், அது 47 நாட்களுக்கு முந்தியது. அந்த 47 நாட்களின் சீட்டுக்களையும் கார்பன் நகல்களையும் மேஜையில் பரப்பி, அங்கத்தினர்களைப் பாஸ்புத்தகத்துடன் வரச்சொல்லி, மூன்று வாரம் இரவு பகலாகக் கணக்கெழுதினார்கள். நெசவாளர் ஒருவர் கட்டியிருந்த 12,400 ரூபாய்க்கு நகலே அகப்படவில்லை. அவர் மனைவி டிரங்குப் பெட்டியில் புடவைக்கடியில் அசல் ரசீதைப் பத்திரப்படுத்தியிருந்தார், அதனால் தப்பியது. ரசீதைத் தொலைத்தவர்கள் இருந்தார்களா என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இத்தகைய இடைவெளியால் யார் பாதிக்கப்படுவார்கள் என்பதற்கு ஒரு திருஷ்டாந்தம்: 2021-ல் கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுன் வரையிலான நகைக்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. 2021 மார்ச் 31 அன்று நிலுவை என்ன என்பதே அப்போது ஒவ்வொரு குடும்பத்துக்கும் கேள்வி. அந்த ஒரு தேதியின் பதிவைக் கொண்டே தகுதி பார்க்கப்பட்டது.

எனவே பிரதி எடுப்பது தனிக் கடமை. தவறுதலாக ஒரு கணக்கை அழித்தால், இரட்டை எழுத்து அதை இரண்டு தட்டிலும் உண்மையாகவே அழித்துக் கொடுக்கும். கெட்ட எண்ணமுடையோர் அனுப்பும் மென்பொருள் கணக்கைப் பூட்டிவிட்டாலும் அவ்வாறே. இடி விழுந்தால் ஜோடி பார்த்து விழாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அத்தகைய வெள்ளம் புகும் அறையில் நான்கு தட்டு இருந்தாலும் நாற்பது இருந்தாலும் ஒன்றே. நாள்தோறும் ஒரு பிரதி, சர்வரோடு இணைப்பில்லாத சாதனத்தில். வாரந்தோறும் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். சுரண்டைச் சங்கத்தின் பிரதி சங்கரன்கோவிலிலோ புளியங்குடியிலோ உள்ள சகோதர சங்கத்தின் இரும்புப் பெட்டியில் பூட்டியிருப்பதும், அவர்களுடையது இங்கே இருப்பதும் செலவில்லாத ஏற்பாடு. பிரதியைக் குறிமொழியிட்டு வைக்கவேண்டும் என்பது மட்டும் கண்டிப்பு.

அடுத்த மகாசபையில் இரண்டு பட்டியல்களும் மறுபடி வரும்போது அங்கத்தினர்கள் வியாபாரிகளைக் கேட்கவேண்டியவை சிலவே. ஒரு தட்டு கெட்டால் செய்தி யாருடைய கைபேசிக்கு வரும்? மாற்றுத் தட்டு ஒன்று இப்போதே வாங்கிச் சங்க அலமாரியில் வைக்கப்படுமா, அல்லது சென்னையிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டுமா? யு.பி.எஸ். மின்கலம் தீருமுன் சர்வர் தானாகவே ஒழுங்காக மூடிக்கொள்ளுமா? ஒப்படைக்கும் தினத்தன்று, நிர்வாகக் குழுவின் முன்னிலையில், ஓடிக்கொண்டிருக்கும் சர்வரிலிருந்து ஒரு தட்டைக் கையால் உருவிக் காட்டுவாரா? அதற்கு இசையாத வியாபாரியின் பட்டியலில் எத்தனை டெராபைட் கண்டிருந்தாலும் அதை மேற்கொண்டு வாசிக்க வேண்டியதில்லை. இசைந்தவர் உருவியபின், அந்தத் தட்டு திரும்பச் சேர்ந்து பச்சை விளக்கு எரியும் மட்டும் அவரை அனுப்பாமல், நேரத்தைக் குறித்து நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.